டிஸ்னி வேர்ல்டில் ஆறு பேருக்கு ஓர் இடம்: ஃபோர்ட் வில்டர்னஸ் கேபினும் மற்ற தெரிவுகளும்

ஊரிலிருந்து பெற்றோர் வந்திருக்கும் ஆண்டில்தான், அமெரிக்காவில் வாழும் நம் குடும்பங்களில் பல, ஃபுளோரிடாவிலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குச் செல்லும் திட்டத்தைக் கையில் எடுக்கின்றன. தாத்தா, பாட்டி, கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று ஆறு பேர் சேர்ந்துவிட்டால், நுழைவுச்சீட்டுக்கு முன்பாகவே நம்மைத் திணற வைப்பது தங்குமிடம்தான். டிஸ்னி வளாகத்து விடுதிகளில் சாதாரண அறைகள் பெரும்பாலும் நான்கு பேருக்கானவை. சிலவற்றில் ஐந்தாவது ஆளுக்கு ஒரு சிறு கட்டில் கிடைக்கும். ஆறு பேரும் ஒரே கூரையின்கீழ் இருக்க வேண்டும் என்றால், செலவு கட்டுக்கடங்கும் தெரிவுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஃபோர்ட் வில்டர்னஸ் முகாம் வளாகத்தில் ஒரு கேபின், அதே வளாகத்தில் கூடாரம் அடிக்கவோ ஆர்வி வண்டி (உள்ளேயே படுத்துறங்கும் வசதியுள்ள பெரிய வண்டி) நிறுத்தவோ ஒரு மனை, ஆர்ட் ஆஃப் அனிமேஷன் விடுதியில் ஒரு குடும்ப அறைத்தொகுதி, வளாகத்துக்கு வெளியே கிஸிமி பக்கம் ஒரு வாடகை வீடு ஆகிய நான்கும் அவற்றுள் முக்கியமானவை. இந்த நான்கையும் வெவ்வேறு ஆண்டுகளில் நாங்கள் தங்கிப் பார்த்திருக்கிறோம். இவற்றுள் எது உயர்ந்தது என்று பொதுவாகச் சொல்ல இயலாது. ஆனால் எந்தக் குடும்பத்துக்கு எது பொருந்தும் என்பதை ஒரே ஒரு கேள்வியைக் கொண்டு பெருமளவு தீர்மானித்துவிடலாம் என்பது என் முடிவு. பூங்காவுக்குப் போகாமல் பகல் பொழுதில் தங்குமிடத்திலேயே இருக்கப் போகிறவர்கள் யார், எத்தனை நாள் இருக்கப் போகிறார்கள் என்பதே அந்தக் கேள்வி.

முதலில் கேபினைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் அதுதான் பலருக்கும் அறிமுகமற்றது. மேஜிக் கிங்டம் பூங்கா 1971 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டது; அதற்கு ஏழு வாரம் கழித்து, நவம்பர் 19 அன்று, பே ஏரியின் கரையில் பைன் மரங்களும் சைப்ரஸ் மரங்களும் அடர்ந்த சுமார் 750 ஏக்கர் காட்டில் ஃபோர்ட் வில்டர்னஸ் முகாம் வளாகம் திறக்கப்பட்டது. இன்றும் அங்கே ஏறத்தாழ 800 முகாம் மனைகள் உள்ளன. அவற்றோடு நெடுங்காலமாக இருந்துவந்த மரக் கேபின்கள் அகற்றப்பட்டு, அவற்றின் இடத்தில் புதிதாக 350-க்கும் மேற்பட்ட கேபின்கள் வைக்கப்பட்டு, 2024 ஜூலை 1 முதல் விருந்தினருக்குத் திறந்துவிடப்பட்டன. இப்புதிய கேபின்கள் டிஸ்னி வெகேஷன் கிளப் என்னும் உறுப்பினர் திட்டத்தைச் சேர்ந்தவை. உறுப்பினர் அல்லாதவர்களும் மற்ற விடுதி அறைகளைப் போலவே பணம் கட்டித் தங்கலாம். இந்த மாற்றத்துக்கு முந்தைய கேபின்களைப் பற்றி எழுதப்பட்ட குறிப்புகளும் படங்களும் இன்னும் ஏராளமாகப் புழங்குகின்றன. அவற்றைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் ஏமாறுவார்கள். கருமையான மரச் சுவர்களும் பழைய வீட்டு உணர்வும் போய், வெளிச்சமான, பெரிய கண்ணாடிச் சன்னல்களைக் கொண்ட சிறு வீடுகள் வந்துவிட்டன.

ஒவ்வொரு கேபினும் தனித்து நிற்கும் ஒரு சிறு வீடு. மேல்தளத்தில் யாரும் நடக்கும் ஓசை இல்லை, பக்கத்து அறையின் தொலைக்காட்சி ஒலி இல்லை, நீண்ட நடைக்கூடம் இல்லை. உள்ளே ஒரு படுக்கையறை. அதில் இருவருக்கான ஒரு கட்டிலும், பிள்ளைகளுக்கான இரட்டை அடுக்குக் கட்டிலும் இருக்கின்றன. கூடத்தில், பகலில் சுவரோடு மடிந்து கிடந்து இரவில் இறக்கிக்கொள்ளக்கூடிய மற்றொரு இருவர் கட்டில் உண்டு. இவ்வாறு ஆறு பேர். முழுமையான சமையலறை, பெரிய ஃபிரிட்ஜ், அடுப்பு, மைக்ரோவேவ், பாத்திரம் கழுவும் இயந்திரம் ஆகியவை உள்ளன. வாசலில் உட்கார்ந்து பேச ஒரு மரத்தளம் உண்டு. குளியலறையோ ஒன்றே ஒன்றுதான்.

சமையலறையின் மதிப்பை எண்ணில் காட்டுவது எளிது: பூங்காவுக்குள் ஆறு பேருக்கு ஒரு வேளை எளிய உணவு வாங்கினாலே 80 டாலரை எளிதாகத் தாண்டிவிடும். ஆனால் அது எனக்குப் பெரிய காரணமாகப் படவில்லை. விடுமுறையில் சமைப்பதை வேலையாகக் கருதுபவர்களும் உண்டு, அவர்கள் கருதுவது சரியே. உண்மையான மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. காலை ஐந்து மணிக்கு எழுந்து டிகாக்ஷன் இறக்கிக் காப்பி குடித்துப் பழகிய என் மாமனாருக்கும், மருந்துக்கு முன் இரண்டு இட்லியாவது சாப்பிட்டாக வேண்டிய என் மாமியாருக்கும், விடுதி உணவகம் திறக்கும்வரை காத்திருப்பதுதான் பயணத்தின் மிகக் கடினமான பகுதியாக இருந்தது. கேபினில் அந்தச் சிக்கலே எழவில்லை. மாவை வீட்டிலிருந்தே ஐஸ் பெட்டியில் கொண்டு போனோம்; ஒரு சிறு குக்கர், பருப்புப்பொடி, ஊறுகாய், பாலாடைக் கட்டி, பால், தயிர் ஆகியவற்றோடு நான்கு நாள் நிம்மதியாக ஓடியது. ஆர்லாண்டோவில் இந்திய மளிகைக் கடைகள் உள்ளன. விமானத்தில் வருபவர்கள் வழியில் ஒன்றில் நின்றுவிட்டு வரலாம், அல்லது மளிகையைக் கேபினுக்கே கொண்டு தரும் சேவையைப் பயன்படுத்தலாம். ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும்: கூடமும் சமையலறையும் ஒன்றே என்பதால், கடுகும் மிளகாயும் எண்ணெயில் பொரியும் புகை நேராகப் புகை உணர்கருவிக்குப் போகும். முதல் நாள் தாளித்தபோது எங்கள் கருவி அலறியது. பிறகு சன்னலைத் திறந்து வைத்து, தாளிப்பதையே குறைத்துக்கொண்டோம்.

இப்போது ஒற்றைக் குளியலறைக்கு வருகிறேன், ஏனெனில் பலருடைய முடிவு இங்கேதான் திரும்பும். மேஜிக் கிங்டம் ஒன்பது மணிக்குத் திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிஸ்னி விடுதிகளில் தங்குபவர்களை அரை மணி நேரம் முன்னதாகவே உள்ளே விடுவார்கள். அந்த அரை மணிதான் கூட்டம் சேராமல் இரண்டு சவாரிகளை முடித்துவிடக்கூடிய நேரம். அதற்காக ஏழரைக்குள் ஆறு பேரும் குளித்து, உடுத்தி, சாப்பிட்டுப் புறப்பட வேண்டும் என்றால், ஒரே குளியலறை என்பது தாங்க முடியாத நெருக்கடி. எல்லோரும் எல்லா நாளும் புறப்படும் குடும்பத்துக்கு இது பெருங்குறை. ஆனால் பெரியவர்கள் அன்று போகப் போவதில்லை என்றால், நால்வர் மட்டும் விடியற்காலையில் கிளம்பிவிட, மற்ற இருவரும் பத்து மணிக்கு மெதுவாகக் குளித்துக்கொள்ளலாம். அதே குளியலறை அப்போது போதுமானதாகிவிடுகிறது. கூடத்துக் கட்டிலைப் பற்றியும் இதையே சொல்லலாம். கூடத்தில் படுப்பவர்கள், மற்றவர்கள் அடங்கும்வரை தூங்க முடியாது. யாராவது விடியற்காலையில் எழுந்து காப்பி போட்டால் அவர்களும் விழித்துக்கொள்வார்கள். ஆகவே வழக்கத்துக்கு மாறாக, நாங்கள் கூடத்தை எடுத்துக்கொண்டு படுக்கையறையைப் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் விட்டோம். தாத்தாவுடன் ஒரே அறையில், மேல் அடுக்கில் படுத்துக் கதை கேட்டது என் மகளுக்கு எந்தச் சவாரியையும்விட நினைவில் நிற்கிறது. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மட்டும் மேல் அடுக்கில் படுக்க வைக்கக் கூடாது. அப்படிப்பட்ட இருவர் இருந்தால் படுக்கைக் கணக்கே மாறிவிடும்.

போக்குவரத்துதான் இந்த வளாகத்தின் தனிச் சிறப்பும் தனிச் சுமையும். காட்டின் அமைதி கெடாதிருக்க, உள்ளே விருந்தினர் தங்கள் காரை ஓட்டித் திரிய அனுமதி இல்லை. வந்து சேர்ந்ததும் கேபின் வாசலில் காரை நிறுத்திவிட வேண்டும், பிறகு வளாகத்தை விட்டு வெளியே போகத்தான் அதை எடுக்கலாம். உள்ளே நகர்வதற்கு வளாகப் பேருந்து, மிதிவண்டி, அல்லது வாடகைக்குக் கிடைக்கும் கோல்ஃப் கார்ட் என்னும் திறந்த சிறு வண்டி. மேஜிக் கிங்டம் செல்பவர்கள், வளாகத்தின் வடகோடியில் ஏரிக்கரையிலுள்ள செட்டில்மென்ட் படகுத்துறைக்குப் போய்ப் படகு ஏற வேண்டும். எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் ஆகிய மற்ற மூன்று பூங்காக்களுக்கும் செல்பவர்கள், எதிர்த்திசையில் நுழைவாயில் அருகேயுள்ள அவுட்போஸ்ட் நிறுத்தத்துக்குப் போய், அங்கிருந்து பூங்காப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். அதாவது எங்கு செல்வதாயினும் இரண்டு வண்டி மாற வேண்டும். மேஜிக் கிங்டம் செல்லும் நாளில் இதன் பயன் மிகப் பெரியது: வெளியிலிருந்து காரில் வருபவர்கள் தொலைவிலுள்ள நிறுத்துமிடத்தில் காரை விட்டு, மோனோரயிலோ பெரும் படகோ ஏறி வாசலுக்கு வர வேண்டியிருக்க, நம் படகு பூங்காவின் வாசலிலேயே இறக்கிவிடுகிறது. காலைப் பனி ஏரிமேல் மிதக்க, மேஜிக் கிங்டத்தின் கோட்டை தொலைவில் தெரிய, படகில் போன பதினைந்து நிமிடத்தை என் மாமியார் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். எப்காட் செல்லும் நாளிலோ வாசலிலிருந்து வாசலுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தை ஒதுக்கி வைப்பது நல்லது. சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ வந்திருப்பவர்கள் அந்த நாட்களில் காரையே எடுத்துவிடலாம். டிஸ்னி விடுதி விருந்தினருக்குப் பூங்காவின் சாதாரணக் கார் நிறுத்தக் கட்டணம் இல்லை.

கோல்ஃப் கார்ட் ஆடம்பரமா, அவசியமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் உடனிருந்தால் அதை அவசியம் என்றே சொல்வேன். அதன் வாடகையைக் கேபின் வாடகையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். நான்கு பேர் மட்டுமே உட்காரலாம், ஓட்டுபவரிடம் ஓட்டுநர் உரிமம் இருக்க வேண்டும். எண்ணிக்கை மிகக் குறைவு என்பதால், பள்ளி விடுமுறை நாட்களில் செல்பவர்கள் தங்குமிடத்தைப் பதிவு செய்த கையோடு இதையும் கேட்டு வைக்க வேண்டும்.

இனி ஆர்ட் ஆஃப் அனிமேஷன். 2012-இல் திறக்கப்பட்ட இந்த விடுதியில் 1,120 குடும்ப அறைத்தொகுதிகள் உள்ளன. அங்கும் ஆறு பேர் தங்கலாம். வாடகையும் கேபினுக்கு ஏறத்தாழ அருகிலேயே இருக்கும், தேதியைப் பொறுத்து ஒன்று மற்றொன்றைச் சற்று முந்தும். இரண்டு குளியலறைகள் என்பது அதன் பெரும் பலம். இரண்டாவது பலம் ஸ்கைலைனர். 2019 செப்டம்பரில் ஓடத் தொடங்கிய இந்தக் கம்பிவட ஊர்தி, எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கும் காத்திருப்பே ஏறக்குறைய இல்லாமல் கொண்டு சேர்க்கிறது. நிலையத்தில் பெட்டிகள் தொடர்ந்து வந்துகொண்டே இருப்பதால், பேருந்தைத் தவறவிட்டோமே என்ற பதற்றம் இல்லை. இடி மின்னலின்போது அதை நிறுத்திவிடுவார்கள். கோடைப் பிற்பகல்களில் இது அடிக்கடி நேரும். ஃபோர்ட் வில்டர்னஸ் படகுக்கும் மின்னல் தடைதான் என்பதால், இதில் இரண்டும் சமம்.

அறைத்தொகுதியில் அடுப்பு இல்லை. சிறு ஃபிரிட்ஜும் மைக்ரோவேவும் மட்டுமே. கீழே பெரிய உணவுக்கூடம் இருக்கிறது, சைவம் கிடைக்காமலில்லை. ஆயினும் நான்காம் நாள் பெரியவர்கள் ரசம் சாதத்துக்கு ஏங்குவார்கள். இதையும்கூடச் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது, பகலில் அந்த அறையில் இருப்பது. நாங்கள் அங்கே தங்கிய ஆண்டில் என் மாமனாரும் மாமியாரும் இரண்டு நாள் பூங்காவுக்கு வரவில்லை. வண்ணமயமான அந்த வளாகம் சிறு பிள்ளைகளின் மகிழ்ச்சிக்காகவே கட்டப்பட்டது. அதை அது நன்றாகவே செய்கிறது. ஆனால் நீச்சல்குளத்தைச் சுற்றி இசையும் இரைச்சலும் நிறைந்த அந்த இடத்தில், நீந்தாத இரு முதியவர்கள் பகல் முழுவதும் என்ன செய்ய முடியும்? அறையில் உட்கார்ந்து, திரைச்சீலையை விலக்கி எதிரேயுள்ள கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாலையில் நாங்கள் திரும்பியபோது இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் எனக்கு உறுத்தியது.

கேபினில் அதே இருவர் கழித்த பகலை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். காலையில் மரத்தளத்தில் செய்தித்தாளுக்குப் பதிலாகக் கைப்பேசியுடன் மாமனார் உட்கார்ந்திருந்தார். கேபின்களுக்கிடையே காட்டு வான்கோழிகளும் மான்களும் நடமாடுவதை எங்களுக்குப் படமெடுத்து அனுப்பினார். பதினொரு மணிக்கு இருவரும் வளாகப் பேருந்தில் ஏறி ட்ரை சர்க்கிள் டி பண்ணைக்குப் போனார்கள். மேஜிக் கிங்டம் பூங்காவின் முதன்மைத் தெருவில் வண்டி இழுக்கும் பெருங்குதிரைகளின் லாயம் அங்கேதான் உள்ளது, பார்க்கக் கட்டணமில்லை. மாட்டுவண்டி ஓட்டிய குடும்பத்தில் பிறந்த மாமனார் அங்கே ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டாராம். பிறகு சமைத்துச் சாப்பிட்டு, தூங்கி எழுந்தார்கள். மாலையில் நாங்கள் திரும்பியதும், திறந்தவெளியில் தீ மூட்டிப் பாட்டுப்பாடும் நிகழ்ச்சிக்கு எல்லோரும் சேர்ந்து சென்றோம். சிப், டேல் என்னும் அணில்களின் வேடமணிந்தவர்கள் வந்து பிள்ளைகளோடு ஆடுவார்கள், அதன்பின் பெரிய திரையில் ஒரு படம் காட்டுவார்கள். இதற்கும் கட்டணமில்லை. ஒருநாள் இரவு ஏரிக்கரைக்குப் போய், மேஜிக் கிங்டம் வாணவேடிக்கையைத் தண்ணீருக்கு அப்பாலிருந்து பார்த்தோம். ஒருவருக்கு ஒருநாள் பூங்காச் சீட்டு 100 டாலரைத் தாண்டும் நிலையில், இருவருக்கு இரண்டு நாள் சீட்டை வாங்காமல் விட்டும் அவர்களுக்கு விடுமுறையில் குறை எதுவும் இல்லை. அறைத்தொகுதியோடு ஒப்பிடும்போது, கேபின் தன் வாடகைக்கு ஈடாகத் தருவது இதைத்தான். பகலில் யாரும் தங்கப் போவதில்லை என்றால், அந்த மரத்தளத்துக்கும் மான்களுக்கும் கொடுத்த பணம் வீண். திறக்கும் நேரம் முதல் மூடும் நேரம்வரை பூங்காவிலேயே இருக்க விரும்பும் குடும்பம், இரண்டு குளியலறையும் ஸ்கைலைனரும் உள்ள இடத்துக்கே போக வேண்டும்.

அந்த நிலையில் இன்னொரு வழியையும் பார்த்துவிடுவது நல்லது. பாப் செஞ்சுரி, ஆல் ஸ்டார் போன்ற சிக்கன விடுதிகளில் இணைப்புக் கதவுள்ள இரு சாதாரண அறைகளை எடுத்தால், பல தேதிகளில் ஒரு குடும்ப அறைத்தொகுதியைவிடக் குறைவாகவே வரும். பாப் செஞ்சுரிக்கும் அதே ஸ்கைலைனர் நிலையம்தான். ஏரிமேல் ஒரு பாலம் இரண்டு விடுதிகளையும் இணைக்கிறது.

முகாம் மனைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு மனையில் பத்துப் பேர் வரை தங்கலாம். தண்ணீரும் மின்சாரமும் உண்டு, மரமேசையும் கரி அடுப்பும் உண்டு, குளிர்வசதி கொண்ட பொதுக் குளியலறைகளும் துணி துவைக்கும் இயந்திரங்களும் அருகில் உண்டு. வாடகை, கேபின் வாடகையில் ஒரு சிறு பங்குதான். இத்தனைக்கும், முன்னதாக உள்ளே செல்லும் அந்த அரை மணி உட்பட, டிஸ்னி விடுதி விருந்தினரின் சலுகைகள் மனையில் தங்குபவருக்கும் கிடைக்கும். இதைவிட மலிவாக டிஸ்னி வளாகத்துக்குள் தங்க வழியே இல்லை. கேபின்களைவிடப் படகுத்துறைக்கு அருகிலும் சில முகாம் மனைகள் உள்ளன. ஏரிக்கு அண்மையிலுள்ள வளையங்களில் (மனைகள் அமைந்த வளைந்த தெருக்களில்) இடம் கிடைத்தால் படகுக்கு நடந்தே போய்விடலாம். நாங்கள் ஒரு பிப்ரவரியில் நண்பர் குடும்பத்துடன் இரண்டு கூடாரங்களில் தங்கினோம். பிள்ளைகள் அதைக் கொண்டாடினார்கள். ஆனால் இரவில் எழுந்து பொதுக் கழிப்பறைக்கு நடக்க வேண்டிய முதியவர்களை அங்கே அழைத்துப் போகச் சொல்ல மாட்டேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை, பகலில் 33 பாகை வெயிலும் பிற்பகலில் இடிமழையும் இரவில் புழுக்கமும் உள்ள மாதங்களில், யாரையுமே கூடாரத்துக்கு அழைத்துப் போகச் சொல்ல மாட்டேன். ஆர்வி வண்டி சொந்தமாக இல்லாதவர்களுக்கு, அதை மனையிலேயே கொண்டுவந்து நிறுத்தி, இணைப்புகளைக் கொடுத்துவிட்டுப் போகும் வாடகை நிறுவனங்கள் உள்ளன. அந்த வாடகையையும் மனை வாடகையையும் கூட்டிப் பார்த்த பிறகு கேபினோடு ஒப்பிட வேண்டும். வித்தியாசம் நினைத்ததைவிடக் குறைவாக இருக்கும்.

வாடகை வீடு என்பது முற்றிலும் வேறு கணக்கு. கிஸிமி, டேவன்போர்ட் பகுதிகளில் நான்கு படுக்கையறை, மூன்று குளியலறை, பின்புறம் சொந்த நீச்சல்குளம் என்று ஒரு முழு வீடே, ஒரு கேபினின் இரவு வாடகைக்கோ அதற்குக் குறைவாகவோ கிடைக்கும் நாட்கள் உண்டு. இடவசதியை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. ஆனால் பதிவுப் பக்கத்தில் முதலில் தெரியும் தொகை இறுதித் தொகை அல்ல. துப்புரவுக் கட்டணம், சேவைக் கட்டணம், வரி ஆகியவை கடைசியில் சேரும். டிசம்பரில் நாங்கள் எடுத்த ஒரு வீட்டில் நீச்சல்குளத் தண்ணீரைச் சூடாக்கத் தனிக் கட்டணம் என்பதை வந்து இறங்கிய பிறகுதான் சொன்னார்கள். கட்ட மனமில்லாமல், பிள்ளைகள் ஐந்து நாளும் குளத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். குளிர்காலத்தில் வீடு எடுப்பவர்கள் இதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பூங்காவில் கார் நிறுத்த ஒவ்வொரு நாளும் கட்டணம் உண்டு. காலையில் நெடுஞ்சாலை நெரிசல் உண்டு. முன்னதாக நுழையும் அரை மணி இல்லை. வரிசையில் நிற்பதைக் குறைக்கும் லைட்னிங் லேன் கட்டணச் சீட்டுகளை டிஸ்னி விடுதி விருந்தினர் ஏழு நாள் முன்பே தங்கும் காலம் முழுமைக்கும் பதிவு செய்துகொள்ள, மற்றவர்களுக்கு மூன்று நாள் முன்புதான் வாய்ப்பு வரும்; அதற்குள் பிள்ளைகள் விரும்பும் சவாரிகளின் நல்ல நேரங்கள் தீர்ந்திருக்கும்.

எல்லாவற்றையும்விட, வீட்டில் பகலில் தங்கும் பெரியவர்களின் நிலை என்ன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். சமையலறை பெரியது, இடம் தாராளம், கேபினைவிட வசதியானது. ஆனால் காரை நாம் எடுத்துக்கொண்டு போய்விட்டால் அவர்களுக்கு நடந்து போக ஓர் இடமில்லை. சுற்றிலும் ஒரே மாதிரியான வீடுகள், நடைபாதையில் ஆளில்லை. ஃபோர்ட் வில்டர்னஸில் அவர்கள் யாரையும் எதிர்பாராமல் பேருந்து ஏறிக் குதிரை லாயத்துக்கும் ஏரிக்கரைக்கும் போய்வந்தார்கள். தெரியாத நாட்டில் மகளையோ மருமகனையோ எதிர்பார்த்தே எதையும் செய்ய வேண்டியிருக்கும் முதியவர்களுக்கு, அந்தச் சிறு சுதந்திரம் எவ்வளவு பெரியது என்பதை, திரும்பி வந்து அவர்கள் பேசியதைக் கேட்ட பிறகே உணர்ந்தேன்.

செலவைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. கேபின்கள் வெகேஷன் கிளப்பைச் சேர்ந்தவை என்பதால், உறுப்பினர் ஒருவர் தம்மிடமுள்ள, தங்கும் உரிமையைத் தரும் புள்ளிகளை வாடகைக்கு விட, அதன்மூலம் தங்கும் வழியும் இருக்கிறது. டிஸ்னியிடம் நேரடியாகக் கட்டும் தொகையைவிட இது பல நேரங்களில் கணிசமாகக் குறைவு. அதற்கு விலையாக இரண்டு இழக்க வேண்டும்: தினசரி அறைத் துப்புரவு இருக்காது, ரத்து செய்தால் பணம் பெரும்பாலும் திரும்பாது. ஊரிலிருந்து வருபவர்களின் விசா, உடல்நிலை, விமானம் ஆகிய மூன்றும் நம் கையில் இல்லாதபோது, இரண்டாவது நிபந்தனையை நான் ஏற்க மாட்டேன். பெற்றோர் ஏற்கெனவே வந்து இறங்கி, நம் வீட்டில் இருக்கிறார்கள் என்றால் ஏற்கலாம். டிஸ்னியிடம் நேரடியாகப் பணம் கட்டிப் பதிவு செய்தால், கேபின் வாடகையோடு ஆரஞ்சு மாவட்டத்தின் 12.5 விழுக்காடு வரியைச் சேர்த்தே பார்க்க வேண்டும்.

காலத்தைத் தேர்வதிலும் கேபினுக்கு ஒரு தனிக் கவனம் தேவை. ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம். பெரும் புயல் நெருங்கும்போது, மற்ற விடுதிகள் விருந்தினரை உள்ளேயே பாதுகாப்பாக வைத்திருக்க, காட்டுக்குள் இருக்கும் ஃபோர்ட் வில்டர்னஸை முழுமையாகக் காலி செய்துவிடுவார்கள்; 2022-இல் இயான் புயலின்போதும் 2024 அக்டோபரில் மில்டன் புயலின்போதும் அப்படியே செய்தார்கள். அது சரியான முடிவுதான், ஆயினும் முதியவர்களோடு மூட்டை கட்டி நடுவில் இடம் மாறுவது எளிதன்று. ஆகஸ்டு நடுப்பகுதி முதல் அக்டோபர் நடுப்பகுதிவரை செல்ல நேர்ந்தால், என் கேள்விக்கு விடை எதுவாயினும் கட்டட விடுதியையே தேர்ந்தெடுப்பேன். பிப்ரவரி, மார்ச் தொடக்கம், நவம்பர் கடைசி, டிசம்பர் ஆகியவை கேபினுக்கு ஏற்றவை. டிசம்பரில் முகாம் மனைகளில் தங்குபவர்கள் தங்கள் இடத்தை விளக்குகளால் அலங்கரிப்பது அங்கே பல ஆண்டு வழக்கம். இரவு உணவுக்குப் பின் கோல்ஃப் கார்ட்டில் பெரியவர்களை முன்னிருக்கையில் அமர்த்தி அந்த வளையங்களைச் சுற்றிவருவது நம்மூர்க் கார்த்திகை இரவுத் தெருவில் நடப்பதைப் போலவே இருந்தது என்று மாமியார் சொன்னார்.

எங்கள் அடுத்த பயணத்தில் என் தம்பி குடும்பமும் சேர்வதால் பத்துப் பேர் ஆகிறோம். ஒரு கேபின் போதாது. அருகருகே இரண்டைக் கேட்டு வாங்கலாம், ஆனால் கேட்டதைத் தருவதாக யாரும் உறுதி சொல்வதில்லை, செலவும் இருமடங்கு. ஆகவே இம்முறை ஐந்து நாளுக்குக் கிஸிமியில் ஒரு வீட்டையும், அதன்பின் பெற்றோரும் பிள்ளைகளும் நாங்களுமாக ஆறு பேர் மட்டும் மேஜிக் கிங்டம் செல்லும் இரண்டு நாளுக்கு ஒரு கேபினையும் பதிவு செய்திருக்கிறேன். குளத்தைச் சூடாக்கும் கட்டணத்தை வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேட்டாயிற்று. கோல்ஃப் கார்ட்டுக்கும் அன்றே சொல்லி வைத்துவிட்டேன்.